நாய்த்தலைக்காரனின் நிலம்

சிந்தெங்காவில் அதை யாரும் நிலம் என்று சொன்னதில்லை. வெள்ளை வெளேரென்று கிடக்கும் கட்டாந்தரை அது. கடப்பாரையைப் போட்டால் கடப்பாரைதான் வளையும். மழை பெய்தால் தண்ணீர் அங்கே ஒரு நிமிஷம் தங்காது, இருந்த கொஞ்சம் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். ஊர்ப் பெரியவர்கள் பெருந்தன்மையாக அதைப் பெண்கள் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். கொடுத்ததற்காக ஒரு கூட்டம் போட்டு, சோளக்கள் குடித்து, தங்களைத் தாங்களே பாராட்டியும் கொண்டார்கள்.

சங்கத் தலைவி திபோக்கோ அந்தத் தரையை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள். பிறகு கல் பொறுக்கப் போனாள்.

சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல்லை வரப்பாக அடுக்கினால் ஓடுகிற தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் வண்டல் படியும். வண்டலில் குழி வெட்டிச் சாணம் போட்டால் சோளம் வரும். அந்த யாத்தெங்காச் சீமையில் பிறந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். கல்தான் கிட்டத்தில் இல்லை. குன்று தொலைவில் இருந்தது. பெண்கள் தலையில் சுமந்தார்கள். மூன்று கோடை சுமந்ததில் ஒரு மூலை முடிந்தது. அந்த மூலையில் ஆள் உயரத்துக்குச் சோளம் நின்றது. பாக்கி இடத்தில் பழையபடி வெயில்தான் விளைந்தது. இதே வேகத்தில் போனால் வேலையை முடிக்கப்போவது பேத்திகள்தான் என்பது திபோக்கோவுக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் அவள் கழுத்து இருக்காது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு லாரி, ஒரே ஒரு கோடைக்கு.

உலகம் சூடாகிறது என்று பெரிய நாடுகள் ஏதோ ஒரு குளுகுளு மண்டபத்தில் கூடி, ஏழை நாடுகளின் மண்ணைக் காப்பாற்ற ஒரு நிதி திரட்டியிருந்தன. அந்த நிதி ஒரு வங்கிக்குப் போய், வங்கியிலிருந்து ஓர் அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு திட்ட அலுவலகத்துக்குப் போய், போன இடத்திலெல்லாம் கொஞ்சம் தங்கி, இளைத்துத் துரும்பாகி, சிந்தெங்காவின் பங்குக்கு வரும்போது ஒரு லாரியாக ஆகியிருந்தது. திபோக்கோவுக்கு அதில் குறையில்லை. அவள் கேட்டதே லாரிதான்.

அவளுக்காக விண்ணப்பம் எழுதியவர் ஜெர்வே தோயே. விவசாய இலாகாவில் கள அலுவலர். தூகான் பக்கத்துச் சமோ இனத்துக்காரர். ஓட்டை மோப்பெட்டில் இருபது வருஷமாக சிந்தெங்கா மாதிரி மொஸ்ஸி இனத்து ஊர்களைச் சுற்றி வருகிறவர். தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சரிவுமட்டம் பார்த்து எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று கோடு போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் சமோ சமோதான், மொஸ்ஸி மொஸ்ஸிதான். மாமன் மச்சான் கேலி இரண்டு வீட்டோடு நிற்கும். இது இரண்டு இனங்களுக்கு நடுவே, பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து வருகிற கேலி. ஒரு சமோ ஒரு மொஸ்ஸியைப் பார்த்தால் திட்ட வேண்டும். மொஸ்ஸி திருப்பித் திட்ட வேண்டும். கோபப்படக் கூடாது. "சும்மா சொன்னேன்" என்று சொல்லவே கூடாது. அப்படிச் சொன்னவன் தோற்றவன். அவனுடைய பேரன் வரைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள்.

"என்னடி கழுதைத்தலை தின்னி, என் கல்லையெல்லாம் ஒழுங்கா அடுக்கினியா?" என்பார் தோயே, மோப்பெட்டை நிறுத்தும் முன்பே.

"வாடா நாய்த்தலை தின்னி. வர்ற வழியில ரெண்டு நாயைக் காணோமாமே?" என்பாள் திபோக்கோ. பிறகு அவருக்குக் குடிக்க மாவுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுவாள்.

ஜனவரியில் நிதியின் தலைமையகத்திலிருந்து மதாம் ஹெல்கே வந்தாள். நல்ல பெண். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் நடந்து பார்த்தாள், அடுத்த அடியே திரும்பப் போட்டுக்கொண்டாள். அவளோடு மொழிபெயர்க்கத் தலைநகர் வாகதூகுவிலிருந்து எலிசே வந்திருந்தான். போன பயணத்தில் ஒரு கிழவர் அரை மணி நேரம் பேசியதை எலிசே "சரி என்கிறார்" என்று மொழிபெயர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை கண்டிப்பான உத்தரவு. சொன்னதைச் சொன்னபடி, வார்த்தைக்கு வார்த்தை. சுருக்கக் கூடாது, சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவும் கூடாது.

நிலம் போதுமான அளவு பாழாகியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. அதில் சிந்தெங்கா சுலபமாகத் தேறியது. இன்னும் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்.

"இந்த நிலத்துக்கு வேறு யாராவது உரிமை கோருகிறார்களா?" என்று மதாம் ஹெல்கே கேட்டாள். எலிசே மொழிபெயர்த்தான்.

எல்லாரும் சும்மா இருந்தார்கள். அப்படியே இருந்திருந்தால் அடுத்த வாரம் லாரி வந்திருக்கும். ஆனால் எதிரே ஒரு மொஸ்ஸிக் கூட்டம், நடுவில் இப்படி ஒரு கேள்வி, பக்கத்தில் ஒரு சமோ. வந்த தும்மலை எவ்வளவு நேரம் அடக்க முடியும்?

"நான் கோருறேன்," என்றார் தோயே. "நிலம் என்னுது. இதோ உட்கார்ந்திருக்காளுங்களே, இவளுங்க அத்தனை பேரும் என் அடிமைங்க. எங்க தாத்தா பாவம் பாத்து இங்க தங்கவிட்டார்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திபோக்கோ எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "உங்க தாத்தா ஒரு நாய்த்தலைக்கு இந்த நிலத்தை எங்க தாத்தாகிட்ட வித்தாருடா. அந்தத் தலையையும் நீதான் தின்னே. நிலம் வேணும்னா தலையைக் கக்கிட்டு வா!"

எலிசே வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்தான்.

மதாம் ஹெல்கேயின் முகம் மாறியது. "எத்தனை காலமாக இந்தத் தகராறு?"

"உலகம் உண்டான நாள்ல இருந்து," என்றார் தோயே.

"அடிதடி நடந்திருக்கிறதா?"

"நான் எப்பவோ இவன் தலையை வெட்டிக் குழம்பு வெச்சிருப்பேன்," என்றாள் திபோக்கோ. "அதுல கறியே இல்லை."

"மதாம், நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?" என்றான் எலிசே.

"கூடாது, எலிசே. நாம் பேசிவைத்தது ஞாபகம் இருக்கட்டும்."

மதாம் ஹெல்கே தோயேவிடம் நேராகவே பிரெஞ்சில் கேட்டாள். அவருக்குப் பிரெஞ்சு நன்றாகவே வரும். சும்மா கேலிதான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தோயே வாயைத் திறந்தார். சுற்றிலும் மொஸ்ஸிப் பெண்கள் பல்லைக் காட்டிக்கொண்டு, இந்தச் சமோ தோற்கப் போகிறான் என்று காத்திருந்தார்கள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, நிலமும் தன்னுடையதுதான், அடிமைகளும் தன்னுடையவர்கள்தான் என்று சுத்தமான பிரெஞ்சில் அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும், அவர் தோற்கவில்லை என்று அந்த நிமிர்விலேயே புரிந்துகொண்டு பெண்கள் கை தட்டினார்கள். கைதட்டலையும் மதாம் ஹெல்கே எழுதிக்கொண்டாள். சிரிப்புக்கு எதிரே "பயத்தினால்" என்று எழுதினாள்.

லாரி வரவில்லை. நிலத்தில் இனத் தகராறு இருப்பதால் நிதி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று செய்தி வந்தது.

விளக்கம் சொல்லாமல் இல்லை. எலிசே சொன்னான். தோயே, ஊரில் யாருக்கும் தெரியாமல், எழுத்திலேயே சொன்னார். திட்ட அலுவலகத்தின் இயக்குநர் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, இது கேலி உறவு, தகராறு இல்லை என்று தலைமையகத்துக்கு எழுதினார். இயக்குநர் மொஸ்ஸி, ஆகவே தகராறில் ஒரு தரப்பு என்று பதில் வந்தது. துணை இயக்குநரை எழுதச் சொன்னார்கள். அவர் சமோ. இரண்டு தரப்பும் உண்மையை மறைப்பதில் ஒற்றுமையாக இருப்பது கவலை தருகிறது என்று அதற்குப் பதில் வந்தது.

லாரிக்குத்தான் பணம் இல்லை. சமாதானத்துக்கு வேறொரு நிதி இருந்தது, அதில் பணமும் இருந்தது. மார்ச்சில் வாஹிகூயா நகரத்தில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் நல்லிணக்கப் பட்டறை நடந்தது. டாக்காரிலிருந்து சமாதான நிபுணர் ஒருவர் விமானத்தில் வந்தார். அவருக்கும் அவர் ஊரில் இதே மாதிரி கேலி உறவுக்காரர்கள் உண்டு. ஆனால் இரண்டு நாள் சமாதானம் செய்துவைக்கச் சம்பளம் பேசி வந்தவர் அவர். செய்துவைத்தார். திபோக்கோ ஒரு பக்கம், தோயே ஒரு பக்கம். நடுவில் பொரித்த கோழி.

"மனசுல இருக்கிற காயத்தைச் சொல்லுங்க," என்றார் நிபுணர்.

திபோக்கோ யோசித்தாள். "கல்லு சுமந்து சுமந்து கழுத்துல ஒரு காயம் இருக்கு," என்றாள்.

இரண்டாம் நாள் கையெழுத்து வாங்கினார்கள். நிலத்தில் தனக்கு உரிமையில்லை என்று தோயே ஒப்புக்கொண்டார். இனிமேல் ஒருவரை ஒருவர் இழிவாகப் பேசுவதில்லை என்று இருவரும் உறுதி சொன்னார்கள். மே மாத நடு வரை கண்காணிப்பு. ஒரு வசைச்சொல் விழுந்தாலும் லாரி கிடையாது. கண்காணித்து எழுத எலிசேயையே நியமித்தார்கள்.

"கொஞ்ச நாள்தாம்மா," என்று எலிசே வாசலில் வைத்துக் கெஞ்சினான். "வாயைக் கட்டிக்கிட்டு இருங்க. லாரி வந்ததும் ஆசை தீரத் திட்டிக்குங்க. நானும் கூட நின்னு திட்டுறேன்."

அடுத்த வாரம் தோயே சிந்தெங்காவுக்கு வந்தார். மோப்பெட்டை நிறுத்தினார். இறங்கினார்.

"வணக்கம் அம்மா. வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியங்க," என்றாள் திபோக்கோ. "உங்க வீட்ல?"

"உங்க புண்ணியத்துல."

கல் சுமந்து வந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, செத்தது யார் என்று மெதுவாகக் கேட்டாள். ஒரு சமோவும் மொஸ்ஸியும் இப்படி மரியாதையாகப் பேசி ஊரில் யாரும் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள், இரண்டு பேருக்கும் நிஜமாகவே சண்டை என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஊர்த்தலைவர் ஆள் அனுப்பிச் சமாதானம் பேச முன்வந்தார். இவர்கள் சமாதானம் ஆகிவிட்டதுதான் பிரச்சினை என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை.

நாள் ஆக ஆக அது திபோக்கோவுக்கே உறைக்க ஆரம்பித்தது. தோயே வந்தார், கோடு போட்டார், "நல்லதுங்கம்மா" என்றார், போனார். லாரிக்காகத்தான் என்று அறிவுக்குத் தெரிந்தது. வயிற்றுக்குத் தெரியவில்லை. ஒருநாள் மாவுத் தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது அவர், "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றார். அன்றைக்கு ராத்திரி அவள் சோளக்களியைத் தொடவேயில்லை. இருபது வருஷத்தில் அந்த மனுஷன் அவளிடம் சிரமம் என்ற வார்த்தையைச் சொன்னதேயில்லை.

அவர் ஏன் இளைத்துக்கொண்டே வருகிறார் என்றுகூட அவள் கேட்கவில்லை. முன்னே மாதிரி இருந்தால், "என்னடா, ஊர்ல நாய் தீர்ந்துபோச்சா? இப்படி ஒட்டிப்போயிருக்கே?" என்று கேட்டிருப்பாள். அவரும் ஏதாவது திட்டிவிட்டு, நடுவில் நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருப்பார். மரியாதையில் அதற்கெல்லாம் இடமில்லை.

ஏப்ரல் கடைசியில், வெயில் உச்சியில், தோயே மோப்பெட்டிலிருந்து இறங்கிச் சாலையோர மரத்தடியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அவளிடம் அவர் கடைசியாகச் சொன்னது, "வரேனுங்கம்மா."

சாவுச் செய்தி வந்ததும் சிந்தெங்காப் பெண்கள் ஒரு வேனைப் பிடித்துத் தூகான் பக்கம் கிளம்பினார்கள். எலிசேயும் வாகதூகுவிலிருந்து வந்திருந்தான். அவனை வண்டிக்குப் பின்னால் ஒதுக்கமாக அழைத்துப் போனாள் திபோக்கோ.

"நான் அங்க என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

சமோ செத்தால் மொஸ்ஸி வந்து கலாட்டா செய்ய வேண்டும். பிணத்தைத் திட்ட வேண்டும், குழியை மறிக்க வேண்டும், ஏதாவது கொடுத்தால்தான் நகர்வேன் என்று அடம் பிடிக்க வேண்டும். கேலிக்காரர்கள் வராத சாவு அநாதைச் சாவு.

"செஞ்சா எழுதுவியா?"

எலிசே தரையைப் பார்த்தான். "அதுக்குத்தாம்மா சம்பளம் குடுக்கறாங்க. நான் எழுதலேன்னா வேற ஆளை அனுப்பி விசாரிப்பாங்க."

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்தாள். ஒவ்வொருத்தி கழுத்தும் அவளுக்குத் தெரியும். எவளுக்கு எந்தப் பக்கம் திரும்பாது என்பதுகூடத் தெரியும். லாரி அவளுடையது மட்டும் இல்லை. ஆனால் அவர்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

குழிக்கரையில் தோயே வீட்டார் அழுது முடித்து, யாரையோ எதிர்பார்க்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். மாதாகோவில் சாமியாரும் ஜெபத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார். திபோக்கோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வெறும் குழிக்குள் இறங்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரை ஏமாத்தறே? எந்திரிடா நாய்த்தலை தின்னி! வேலைக்கு டிமிக்கி குடுத்துட்டுப் படுத்திருக்கான் பாரு, சோம்பேறி! கல்லை யாருடா அடுக்கறது, உங்க தாத்தனா? எத்தனை நாள்டா என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டே? நான் உனக்கு அம்மாவாடா? உன் அடிமைடா நான்! நிலம் வேணும்னியே, இந்தா, இந்தக் குழி அளவு எடுத்துக்கோ. இதுக்கு மேல ஒரு சாண் தரமாட்டேன். வெளிய வந்து சண்டை போட்டு வாங்கிக்கோ!"

தோயேவின் விதவை அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள், எல்லாரும் மறுபடி அழுதார்கள். தோயேவின் தம்பி ஒரு கோழியையும் கை நிறையக் கோலாக் கொட்டையையும் கொடுத்து, "ஏறி வாடி கழுதைத்தலை தின்னி, எங்க அண்ணன் தூங்கணும்," என்றார். அவள் கோழியின் எடை போதாது என்று சண்டை போட்டாள். இன்னொரு கோழி வந்தது. அதற்குப் பிறகுதான் ஏறினாள். ஏறியபின் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அது கேலியில் சேர்ந்தது இல்லை.

எலிசே எல்லாவற்றையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதினான்.

லாரி போச்சு என்று பெண்கள் ஊருக்குத் திரும்பி, கூடையை எடுத்துக்கொண்டு பழையபடி குன்றுக்குப் போனார்கள். யாரும் திபோக்கோவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மே மாத நடுவில் தலைமையகத்திலிருந்து முடிவு வந்தது. இறுதிச் சடங்கில் நடந்தது வருந்தத்தக்கது. ஆனால் தகராறு என்றால் குறைந்தது இரண்டு தரப்பு வேண்டும். உரிமை கோரியவர் காலமாகிவிட்டதால் தகராறு முடிந்தது. இடர் நீங்கியது. நிதி விடுவிக்கப்படுகிறது.

எலிசே அதைத் திபோக்கோவுக்குப் படித்துக் காட்டினான்.

"அவன் செத்தது நல்லதாப் போச்சுங்கறாங்களா?"

"அப்படி எழுதலைம்மா."

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

"இடர் நீங்கியதுன்னு எழுதியிருக்காங்க."

லாரி வந்தது. மழைக்கு முன்னால் கிடைத்த கொஞ்ச நாளில் பெண்கள் இரவு பகல் பார்க்காமல் கல் ஏற்றினார்கள், இறக்கினார்கள். தோயே போட்டுவைத்த கோடுகளின் மேலேயே கல் உட்கார்ந்தது. கடைசிக் கோடு அடுக்கி முடித்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வந்தது, வரப்பில் முட்டியது, நின்றது. பெண்கள் மழையில் நனைந்துகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் மதாம் ஹெல்கே மறுபடி வந்தாள். அறுத்த சோளத்தட்டை காணும் இடமெல்லாம் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தரை மண் நிறத்தில் இருந்தது. அவள் மனம் நிறைந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு, வழக்கமாகக் கேட்க வேண்டியது என்பதால், மன்னிப்புக் கேட்கிற குரலில் கேட்டாள். "இந்த நிலத்துக்கு வேறு யாராவது உரிமை கோருகிறார்களா?"

எலிசே மொழிபெயர்த்தான். எல்லாரும் சும்மா இருந்தார்கள்.

திபோக்கோ எழுந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"ஆமா. ஒருத்தன் இருக்கான். நாய்த்தலை தின்னி சமோ. நிலம் பூரா அவனுது. கோடு போட்டவன் அவன், கல்லு எங்க உட்காரணும்னு சொன்னவன் அவன். நாங்க அவன் அடிமைங்க, பாத்துக்கிட்டிருக்கோம். என்னிக்காவது வந்து கேட்டான்னா திட்டிட்டு, குடுத்துடுவோம்."

"என்ன சொல்கிறார்?" என்று மதாம் ஹெல்கே பேனாவோடு காத்திருந்தாள்.

எலிசே திபோக்கோவைப் பார்த்தான். பிறகு கல் வரப்பைப் பார்த்தான்.

"இல்லை என்கிறார், மதாம்."

"நிறையப் பேசின மாதிரி இருந்ததே? எலிசே, சுருக்கக் கூடாது."

"சுருக்கவில்லை, மதாம். வார்த்தைக்கு வார்த்தை அவ்வளவுதான்."

மதாம் ஹெல்கே எழுதிக்கொண்டாள். இந்த முறை பெண்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தாள். நல்ல முன்னேற்றம் என்று அதற்கு எதிரே குறித்துக்கொண்டாள்.